சிறிய விமானத்தில் தொடங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

வாகைக்குளத்தில் 2025ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டதிலிருந்து, திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் விமானி வேலை பற்றியவை கூடிவிட்டன. துணை விமானியாகத் தொடங்கிக் கேப்டனாக ஓய்வு பெற்றவன் என்பதால் ஆசிரியர் அவற்றை என்னிடம் அனுப்பிவைத்தார். முதல் கடிதத்துக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. ஏனையோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நான் கல்லிடைக்குறிச்சியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கோட்டை விதைப்பாடு நஞ்சையை விற்று, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து 30 இலட்சம் கடனும் வாங்கி, மூத்த மகனை விமானிப் பயிற்சிக்கு அனுப்பினேன். அவன் சிபிஎல் எனப்படும் வணிக விமானி உரிமம் பெற்று ஒன்றரை ஆண்டு ஆகிறது. பெரிய நிறுவனங்களில் இடம் கிடைக்கவில்லை. இப்போது ஒரு சிறிய பிராந்திய விமான நிறுவனம் ஏடிஆர் விமானத்தில் பயிற்சித் துணை விமானியாக அழைத்திருக்கிறது. பயிற்சிச் செலவை நிறுவனமே ஏற்கும். பதிலுக்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். காற்றாடி விமானத்தில் ஏறினால் பிறகு ஜெட் விமானத்துக்குப் போகவே முடியாது என்று அவனுடைய நண்பர்கள் சொல்கிறார்கள். பொறுத்திருக்கச் சொல்லவா, போகச் சொல்லவா?

பதில்: நிறுவனம் சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கும் நிறுவனமாக இருந்தால், போகச் சொல்லுங்கள். அந்த "இருந்தால்" என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்பதால் அதைப் பின்னால் விரித்து எழுதுகிறேன். அதற்கு முன், பொறுத்திருப்பது செலவில்லாத காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். தங்கள் மகனின் உரிமம் இன்று வெறும் 200 மணி நேர அனுபவத்தின் மேல் நிற்கிறது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதியை ஆண்டுதோறும் சோதனை கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் அப்படியே. ஒவ்வொரு புதுப்பித்தலும் கைப்பணம். ஓட்டாமல் இருக்கும் கை தன் பழக்கத்தை இழப்பது அதைவிடப் பெரிய இழப்பு. 30 இலட்சம் கடனைப் பத்து ஆண்டுகளில், 11 விழுக்காடு வட்டியில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 41,300 ரூபாய் வரும். தங்கள் கடையின் இலாபத்திலிருந்து அதை எத்தனை மாதம் கட்ட முடியும் என்பது தங்களுக்குத்தான் தெரியும்.

காற்றாடி விமானம் என்ற ஏளனத்துக்கு வருகிறேன். ஏடிஆர் 72 பிரெஞ்சு, இத்தாலியக் கூட்டுத் தயாரிப்பு. எழுபது பேருக்கு மேல் அமரலாம். அதன் இறக்கையில் இருப்பது டர்போபிராப். அதாவது ஜெட் எஞ்சினுக்குள் சுழலும் அதே வகை டர்பைன்தான், அது பீறிடும் காற்றால் விமானத்தைத் தள்ளாமல் ஒரு புரொப்பெல்லரைச் சுழற்றுகிறது. குறைந்த தூரத்துக்கு அதுவே சிக்கனம் என்பதும், குறுகிய ஓடுபாதையில் அதுவே எழும்பும் என்பதும்தான் அது இன்றும் பறப்பதற்குக் காரணம். நம் வாகைக்குளத்தின் பழைய ஓடுபாதை 1,350 மீட்டர் நீளமே இருந்தது. சென்னையிலிருந்து இத்தனை ஆண்டுகளாக நம்மவர்களை ஏற்றிவந்து இறக்கியவை டர்போபிராப் விமானங்கள்தாம். ஜெட்டை நம்பியிருந்தால் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ கார் பிடித்திருக்க வேண்டும். ஜெட்டுக்கு மாற முடியாது என்பதும் சரியில்லை. எந்த வகை விமானத்திலிருந்து எந்த வகைக்குப் போனாலும் அந்த வகைக்குரிய தகுதிப் பயிற்சியை, டைப் ரேட்டிங் என்று சொல்வார்களே அதை, புதிதாகப் பெற வேண்டும். ஏடிஆரில் ஆயிரம் மணி நேரம் பறந்தவனும் பெற வேண்டும். இருநூறு மணி நேரத்தோடு வீட்டில் இருப்பவனும் பெற வேண்டும். நேர்முகத் தேர்வில் இருவரும் அருகருகே உட்காரும்போது யாரை எடுப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஏடிஆரும் ஏர்பஸ்ஸும் சேர்த்து வைத்திருக்கும் இண்டிகோ போன்ற நிறுவனமும் நம் நாட்டில் இருக்கிறது.

அந்த ஆயிரம் மணி நேரத்தில் என்ன கிடைக்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். மாதம் 75 மணி நேரம் பறப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னை – தூத்துக்குடி போல ஒன்றரை மணி நேரப் பயணங்கள் என்றால் மாதத்தில் 50 பயணம். இரண்டரை மணி நேர ஜெட் பயணங்கள் என்றால் 30 பயணம். விமானி இருவரும் ஒரு பயணம் விட்டு ஒரு பயணம் ஓட்டுவதாகக் கொண்டால், முதலாமவருக்கு மாதம் 25 தரையிறக்கம், இரண்டாமவருக்கு 15. உயரே போய்த் தானியங்கியை இயக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம் எவருக்கும் பெரிதாக எதையும் கற்றுத் தருவதில்லை. கற்றுத் தருவது ஏற்றமும் இறக்கமும். மேலும் ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் ஏறாது. ஜெட் விமானம் 37,000 அடியில் போகும்போது பல மேகங்களைக் காலடியில் விட்டுவிட்டுப் போகிறது. டர்போபிராப் அந்த மேகங்களின் நடுவே வழி தேடிக்கொண்டு போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சோழமண்டலக் கரையோரமாகப் பறந்த துணை விமானிக்கு வானிலை ரேடாரைப் படிக்க யாரும் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனி, ஆடியிலோ செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்று, வெயிலில் காய்ந்த சமவெளிக்கு வந்ததும் அலையலையாக எழும்பும். வாகைக்குளத்து ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்திருப்பதால் காற்று பெரும்பாலும் எதிர்முகமாகவே வரும்; ஆனால் எதிர்காற்று சீராக இல்லாமல் விட்டு விட்டு வீசும்போது வேகத்தைப் பிடித்துவைப்பது எளிதன்று. குற்றாலத்தில் சாரல் என்று நாம் மகிழும் அதே நாட்களில், மேலே ஒருவர் வியர்த்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. புதிய துணை விமானியின் கையில் தரையிறக்கத்தைக் கொடுக்க எல்லாக் கேப்டனுக்கும் உரிமை இல்லை. அதற்கெனத் தகுதி பெற்றவர்தான் கொடுக்கலாம். சிறிய நிறுவனத்தில் அத்தகையவர் இரண்டு பேரோ மூன்று பேரோ மட்டும் இருந்தால், தங்கள் மகன் மாதத்தில் பாதி நாள் ரேடியோ பேசிக்கொண்டும் படிவம் நிரப்பிக்கொண்டும் இருக்க நேரும். ஆகவே நிறுவனத்தில் எத்தனை விமானம் என்று கேட்பதற்கு முன், பயிற்சி அளிக்கும் கேப்டன்கள் எத்தனை பேர், வரிசையில் தனக்கு முன் எத்தனை பயிற்சியாளர் காத்திருக்கிறார்கள் என்று அவர் கேட்க வேண்டும். வகுப்பறைப் பாடம், சிமுலேட்டர் எனப்படும் மாதிரி விமானி அறையில் பயிற்சி, உண்மை விமானத்தில் தரையிறக்கப் பயிற்சி, பின்னர் பயணிகளுடன் கண்காணிப்பில் பறத்தல், இறுதிச் சோதனை என்ற வரிசையில் முழுத் துணை விமானியாக விடுவிக்கப்படுவதற்கு நல்ல நிறுவனத்தில் சில மாதங்கள் ஆகும். பயிற்சியாளர் இல்லாத நிறுவனத்தில் ஓராண்டைத் தின்றுவிடும். பல இடங்களில் அதுவரை முழுச் சம்பளம் இல்லை, உதவித்தொகை மட்டுமே. இந்தக் காலத்துக்கான வங்கித் தவணையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பிறகு மகனைப் பெட்டி கட்டச் சொல்லுங்கள்.

இப்போது அந்த "இருந்தால்". நம் நாட்டில் சிறிய விமான நிறுவனங்கள் தொடங்கியதும் நின்றதும் நீண்ட கதை. 2003இல் ஏடிஆரை வைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து கிளம்பிய ஏர் டெக்கான் சிறிய ஊர்களையெல்லாம் வரைபடத்தில் சேர்த்தது. சில ஆண்டுகளிலேயே கிங்ஃபிஷரின் கைக்குப் போயிற்று. மதுரைக் குழுமம் ஒன்று 2005இல் தொடங்கிய பாரமவுண்ட் 2010இல் நின்றது. கோயம்புத்தூரிலிருந்து 2016இல் எழும்பிய ஏர் கார்னிவல் அடுத்த ஆண்டே தரையிறங்கிவிட்டது. அதே காலத்தைக் கடந்து 1996இல் தொடங்கிய அலையன்ஸ் ஏர் அரசின் துணையோடு இன்றும் பறக்கிறது. 2019இல் வந்த ஸ்டார் ஏர், 2024இல் கோவாவிலிருந்து வந்த ஃப்ளை91 ஆகியவை புதிய தலைமுறை. சிறியவை மட்டுந்தான் விழும் என்றும் எண்ண வேண்டாம். 2012இல் கிங்ஃபிஷர், 2019இல் ஜெட் ஏர்வேஸ், 2023இல் கோ ஃபர்ஸ்ட் என்று நின்றுபோனவை பெரிய பெயர்கள்தாம்.

சிறிய நிறுவனத்தின் வருமானத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சிறிய ஊர்களை விமானத்தால் இணைக்கும் ஒன்றிய அரசின் உடான் திட்டத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்ற அளவில் சில இருக்கைகளை விற்கவைத்து, அதனால் ஏற்படும் இழப்பை அரசு ஈடுகட்டுகிறது. 2017 ஏப்ரலில் சிம்லா – டெல்லி பயணத்தோடு தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒரு வழித்தடத்துக்கான ஈட்டுத்தொகை மூன்று ஆண்டுகளுக்கே. மூன்றாம் ஆண்டு முடியும்போது அந்த வழித்தடம் தன் காலில் நிற்காவிட்டால் நிறுவனம் அதைக் கைவிடும். போதிய வழித்தடங்கள் கைவிடப்பட்டால் குத்தகைக்கு எடுத்த விமானத்துக்கு வாடகை கட்ட முடியாது. வாடகை வராவிட்டால் உரிமையாளர் விமானத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தங்கள் மகனை அழைத்திருக்கும் நிறுவனத்தின் வழித்தடங்களில் எத்தனை உடான் வழித்தடம், அவை எத்தனையாவது ஆண்டில் இருக்கின்றன என்று பாருங்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ, ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை பயணிகளை ஏற்றியது, எத்தனை விழுக்காடு இருக்கை நிரம்பியது, எத்தனை பயணத்தை ரத்து செய்தது என்று மாதந்தோறும் வெளியிடுகிறது. தொடர்ந்து ஆறு மாத அறிக்கையை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். ரத்து செய்த பயணங்கள் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனால் அங்கே விமானம் கெட்டு நிற்கிறது, அல்லது விமானி நிற்கவில்லை. இன்னொன்று, பலருக்குத் தெரியாது: வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் அது மாதந்தோறும் எந்தத் தேதியில் எத்தனை ஊழியருக்குத் தொகை கட்டியது என்று தெரியும். வைப்பு நிதியைத் தாமதமாகக் கட்டுகிறவர் சம்பளத்தையும் அப்படித்தான் கொடுப்பார். கடையில் பாக்கி கேட்டு வருகிறவரின் பழைய கணக்கைப் புரட்டுகிற தங்களுக்கு இது புதிதன்று.

பாண்டைப் பற்றி. ஐந்து ஆண்டு என்பது நீளம்தான். ஆனால் பதினைந்து இலட்சம் வரை ஆகக்கூடிய டைப் ரேட்டிங்கைக் கைப்பணத்தில் செய்துகொண்டு, அதன் பிறகும் வேலை தேடி அலைவதைவிட அது மேல். அந்தப் பத்திரத்தில் மூன்று செய்திகளைத் தேடுங்கள். விலகினால் கட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைய வேண்டும். நான்கரை ஆண்டு உழைத்தவனும் முதல் நாள் விலகியவனும் ஒரே தொகை கட்டுவது நியாயமன்று. ஐந்து ஆண்டு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்று எழுதியிருக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்தா, துணை விமானியாக விடுவிக்கப்பட்ட நாளிலிருந்தா என்பதில் ஓராண்டு வேறுபாடு வந்துவிடும். நிறுவனம் சம்பளத்தை நிறுத்தினாலோ பறக்காமல் நின்றாலோ பத்திரம் செல்லாது என்ற வரி வேண்டும். இவை போக, டிஜிசிஏ 2017இல் கொண்டுவந்த விதிப்படி துணை விமானி ஆறு மாதமும் கேப்டன் ஓராண்டும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது பாண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். தேதியும் தொகையும் எழுதாத காசோலை கேட்டால் கொடுக்கவே வேண்டாம். நான் முதலில் சேர்ந்த நிறுவனத்தில் அப்படி மூன்று காசோலைகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்; சம்பளம் நான்கு மாதம் வராமல் வெளியேறியபோது, அவற்றில் ஒன்றைத் தொகை நிரப்பி வங்கிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காசோலைக்காக வக்கீலுக்கு நான் கொடுத்த தொகையில் அன்று பாளையங்கோட்டையில் ஒரு மனை வாங்கியிருக்கலாம்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் நிறுவனம் தேறினால், அடுத்த இலக்கு 1,500 மணி நேரம். அதுவும் 21 வயதும் ஏடிபிஎல் தேர்வுகளும் சேர்ந்தால் கேப்டனாக அமரத் தேவையான உயர் உரிமம் கிடைக்கும். சிறிய நிறுவனத்தில் மூத்தோர் வரிசை குறுகியது என்பதால், பெரிய நிறுவனத்தில் சேர்ந்த நண்பருக்கு முன்பே தங்கள் மகனின் தோளில் கேப்டனுக்குரிய நான்காவது பட்டை ஏறவும் கூடும்.

கேள்வி: என் மகள் அம்பாசமுத்திரத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். விமானி ஆக வேண்டும் என்கிறாள். கண்ணாடி அணிந்திருக்கிறாள். பெண் பிள்ளைக்கு இது ஒத்துவருமா, எங்கே தொடங்குவது?

பதில்: அம்மா, முதல் பாதிக்கு விடை 1966லேயே கிடைத்துவிட்டது. அந்த ஆண்டில் துர்பா பானர்ஜி இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியாகச் சேர்ந்தார். இன்று விமானிகளில் பெண்களின் பங்கில் இந்தியா உலகச் சராசரியைவிட மிகவும் முன்னால் நிற்கிறது.

கண்ணாடி தடையன்று; கண்ணாடியோடு தேவையான தெளிவு கிடைத்தால் போதும். நிறம் பிரித்தறியும் திறனில் குறை இருந்தால்தான் சிக்கல். அது பலருக்குத் தம்மிடம் இருப்பதே தெரியாது. ஆகவே எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். முதலில் டிஜிசிஏவின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்று. அது கிடைத்ததும் தாமதிக்காமல் முதல் வகுப்புச் சான்றுக்கு விண்ணப்பம். பெங்களூரில் உள்ள விமானப்படையின் மருத்துவ நிலையம் இதற்கான இடங்களுள் ஒன்று. இரத்தசோகை, காது கேட்கும் திறன், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பள்ளிக்குப் பாதிக் கட்டணம் கட்டிய பிறகு முதல் வகுப்புச் சான்று கிடைக்காமல் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியை ஒழிக்க வேண்டும் என்று இப்போதே லேசர் சிகிச்சைக்குப் போய்விடாதீர்கள். அதற்கு வயதும் காத்திருப்புக் காலமும் சார்ந்த விதிகள் உண்டு, தேவையுமில்லை.

பிறகு எழுத்துத் தேர்வுகள்: வான்வழி செலுத்துதல், வானிலை, விமானச் சட்டங்கள், தொழில்நுட்பம் ஆகியவை. ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு எடுத்தாக வேண்டும். ரேடியோ உரிமத் தேர்வு தனி. இவற்றில் இரண்டு மூன்றையாவது வீட்டிலிருந்தே படித்து முடித்துவிட்டுப் பறக்கப் போகும் பிள்ளைகளுக்குப் பயிற்சிப் பள்ளியில் வீணாகும் மாதங்கள் குறைவு. பறக்கும் பயிற்சிக்கு உத்தரப் பிரதேசத்தில் ஒன்றிய அரசின் இந்திரா காந்தி தேசியப் பறத்தல் கழகம் இருக்கிறது. நமக்குக் கிட்டத்தில் திருவனந்தபுரத்திலும் சேலத்திலும் பயிற்சிக்கு இடம் உண்டு. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தைக் கேட்பதைவிட, சென்ற ஆண்டு சேர்ந்த மாணவர் ஒருவரைத் தனியே பிடித்து பறந்த மணி நேரங்களைப் பதியும் அவருடைய லாக் புக்கைக் காட்டச் சொல்லுங்கள். மாதம் இருபது மணி நேரம் பறந்திருந்தால் நல்ல பள்ளி. ஐந்து மணி நேரம் என்றால், விடுதிக் கட்டணமே ஒரு வீட்டு விலைக்கு வந்துவிடும்.

கேள்வி: சங்கரன்கோவிலில் வணிகவியல் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். இயற்பியல் படிக்கவில்லை. வழி இல்லையா?

பதில்: வழி உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் இயற்பியலையும் கணிதத்தையும் மட்டும் தனிப் பாடங்களாக எழுதித் தேறலாம். பலர் அப்படிச் செய்து உரிமம் பெற்றிருக்கிறார்கள். ஓராண்டு போகும். அந்த ஓராண்டில் மருத்துவச் சான்றையும் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: திருநெல்வேலி சந்திப்பில் அலுவலகம் வைத்திருக்கும் ஒருவர், 18 இலட்சம் கட்டினால் பிராந்திய விமான நிறுவனத்தில் துணை விமானி வேலை உறுதி என்கிறார். நம்பலாமா? – கடையநல்லூர் வாசகர்

பதில்: வேண்டாம். சிபிஎல் இல்லாத ஒருவரை எந்த நிறுவனமும் விமானி இருக்கையில் உட்காரவைக்க முடியாது. சிபிஎல் உள்ள ஒருவரை நிறுவனம் தன் இணையப் பக்கத்தில் அறிவித்து நேரடியாகவே தேர்வுக்கு அழைக்கும். பெரிய நிறுவனங்கள் பயிற்சியையும் வேலையையும் இணைத்துக் கேடட் விமானித் திட்டம் என்று நடத்துவது உண்மைதான்; அவற்றுக்கு ஒரு கோடி ரூபாய் வரையிலோ அதற்கு மேலோ ஆகும், ஆனால் அங்கும் முதலில் தேர்வு, பிறகுதான் பணம். வெளிநாட்டு வேலைக்குப் பணம் கட்டி ஆள் அனுப்பிய பழக்கத்தில் இதையும் விசா போல நினைத்துவிட வேண்டாம். அவர் ரசீதில் என்ன எழுதித் தருகிறார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். "ஆலோசனைக் கட்டணம்" என்றுதான் இருக்கும்.

கேள்வி: என் மருமகன் துணை விமானியாக இருந்த சிறிய நிறுவனம் திடீரெனப் பறப்பதை நிறுத்திவிட்டது. மூன்று மாதச் சம்பளம் பாக்கி. விலகினால் பாண்டு, இருந்தால் பட்டினி. என்ன செய்வது? – வள்ளியூர் வாசகர்

பதில்: முதலில் லாக் புக். நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் யாராவது இருக்கும்போதே அவருடைய பறந்த மணி நேரங்களைச் சான்றொப்பமிட்டு வாங்கிவிட வேண்டும்; பயிற்சிக் கோப்பு, சிமுலேட்டர் சோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களும் வேண்டும். அலுவலகத்தைப் பூட்டிய பிறகு அந்தக் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காது. சம்பளப் பாக்கி என்றேனும் வரலாம், சான்று இல்லாத மணி நேரம் வரவே வராது. அடுத்து, சம்பளம் வராத மாதங்களைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். பின்னாளில் பாண்டுத் தொகை கேட்டு நோட்டீஸ் வந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தக் கடிதங்களைத்தான். நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனால் ஊழியர் என்ற முறையில் குறித்த காலத்துக்குள் தம் பாக்கியைக் கோரிக்கையாகப் பதிய வேண்டும். தேதியைத் தவற விடக்கூடாது. இதற்கிடையில் சிமுலேட்டர் சோதனையும் கருவித் தகுதியும் காலாவதியாகும் நாட்களைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதே வகை விமானத்தை வைத்திருக்கும் இன்னொரு நிறுவனத்துக்கு, தகுதி நடப்பில் உள்ள ஏடிஆர் துணை விமானி என்றால் பயிற்சிச் செலவு பெரும்பாலும் மிச்சம். அந்தக் கதவைத் தட்ட, பழைய நிறுவனம் மீண்டும் பறக்கும் என்ற செய்திக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: வாகைக்குளத்தில் ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்களே, இனி ஏடிஆருக்கு வேலை இருக்குமா? நம் பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே பணியிடம் கிடைக்குமா? – பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஏர்பஸ், போயிங் இறங்கும் அளவுக்கு ஓடுபாதை இருப்பதால் அவை வரலாம், அதனால் ஏடிஆருக்கு வேலை போய்விடாது. 180 இருக்கையை நிரப்ப ஆளில்லாத நேரத்தில் 70 இருக்கை விமானம்தான் கட்டுபடியாகும். பெரிய விமானம் நாளுக்கு ஒருமுறை வருவதைவிடச் சிறிய விமானம் காலையும் மாலையும் வருவதையே நம் வணிகர்கள் விரும்புவார்கள் என்பது என் கணிப்பு. இந்த வட்டாரத்தில் கயத்தாற்றிலும் கோவில்பட்டிப் பக்கத்திலும் பழைய ஓடுதளங்கள் கிடக்கின்றன; அவற்றில் ஒன்றிலாவது பயிற்சி விமானம் பறந்தால் கல்லிடைக்குறிச்சிக்காரர் நஞ்சையை விற்க வேண்டியிருந்திருக்காதோ என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன்; விமானம் ஓட்டும் செலவு அங்கேயும் அதே செலவுதான் என்பது அடுத்த நிமிடமே நினைவுக்கு வந்துவிடும்.

பணியிடம் பற்றி: விமானிக்கு ஊர் என்பது அவன் வீடு இருக்கும் ஊர் அன்று, விமானம் இரவு தங்கும் ஊர். அது சென்னையாகவோ பெங்களூராகவோ ஹைதராபாதாகவோ இருக்கும். தூத்துக்குடிக்கு விமானத்தைக் கொண்டுவரும் துணை விமானி வல்லநாட்டு மலையையும் தாமிரபரணியையும் சன்னல் வழியே பார்ப்பார். பயணிகள் இறங்கி, அடுத்த பயணிகள் ஏறி, எரிபொருள் நிரப்பி முடிக்க அரை மணி நேரம். அம்மா கொடுத்துவிட்ட சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொள்ள அந்த அரை மணி நேரத்துக்குள் முனையத்தின் வாசல் வரை போய்வரவும் பாதுகாப்பு விதி இடம் தராது. அதற்கு அவர் தம் வார ஓய்வு வரும்வரை காத்திருந்து, பயணியாக டிக்கெட் எடுத்துத்தான் வர வேண்டும்.